திருத்தத் தெரிந்த கைகள்

கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை நடத்தும் ஆசிரியப் பெருமக்களே, வலப்பனையிலிருந்து ஒரு வாசகனின் பாராட்டு இது.

முதற் பாராட்டு உங்கள் பொறுமைக்கு. மண் சரிந்தது எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில். அச்சில் வந்தது மேல் பிரிவு. மேல் பிரிவுப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளிலும் வளைகுடா வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். "நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று போனில் சொல்லிச் சொல்லியே அன்று தாய்மாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. உலர் உணவு ஏற்றிவந்த லொறியும் பத்திரிகையை நம்பி மேல் பிரிவுக்கே ஏறியது. லயத்தை இழந்தவர்கள் கீழே பள்ளிக்கூடத்தில் ஈரத்துணியோடு காத்திருந்தார்கள். பிரதேச நிருபரிடம் சொன்னோம். "மேசைக்கு அனுப்பிட்டேன், அண்ணே" என்றார். தோட்டத் தலைவர் கையெழுத்திட்டுக் கடிதமும் போனது. இத்தனைக்கும் நீங்கள் பதறவே இல்லை.

அடுத்தது உங்கள் சிக்கனம். பிழைக்கு முதல் பக்கத்தில் நான்கு பத்தி, வண்ணப் படம். திருத்தத்துக்கு, மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனைக்கும் நடுவே இரண்டு வரி. எந்தச் செய்தியைத் திருத்துகிறீர்கள் என்பதைக்கூடச் சொல்லாமல் இடத்தை மிச்சம் பிடித்திருந்தீர்கள்.

உங்கள் நினைவாற்றலும் பெரிது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பலி நூறைத் தாண்டும் என்று அமைச்சர் சொன்னதாக முதல் நாளே செய்தி பரவியது. பின்னர் உறுதியான எண்ணிக்கை நாற்பதுக்கும் குறைவு. அவசரத்தில் எண் பிசகுவது யாருக்கும் நேரும், அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாள் எண்ணை இன்னும் ஊரில் சொல்கிறார்கள் என்றால், அதை அவ்வளவு ஆழமாகப் பதித்த பெருமை உங்களுடையது.

எல்லாவற்றிலும் மேலானது உங்கள் வேகம். ஓர் அரசியல்வாதியின் பதவிப் பெயர் பிசகி, அவருடைய செயலாளர் காலையில் அழைத்தால் போதும். மதியத்துக்குள் இணையத்தில் மாற்றம், மறுநாள் முதல் பக்கத்தில் படத்தோடு வருத்தம். இதைப் பார்த்த பிறகும் உங்களுக்குத் திருத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கைத்திறன் கொழுந்து பறிப்பவள் கேட்டால் மட்டும் வெளியே வருவதில்லை.

பிழையான செய்தியை உடனே, உரிய முக்கியத்துவத்தோடு திருத்த வேண்டும் என்பது பத்திரிகை ஆசிரியர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட ஒழுக்கக்கோவை. அதைக் கேட்டு வாங்கவே 2003 முதல் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் பத்திரிகை வாங்கும் உறவுகளே, பிழை வந்த பக்கத்தைத் திகதியோடு வெட்டி வையுங்கள். அந்த ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதுங்கள், கட்டணம் இல்லை.