வயற்கொட்டிலில் அமைதி கிடைக்குமா? ஓர் ஆய்வு

வார இறுதியில் கூடாரமடித்துக் கிடந்தால் மனம் அடங்கும் என்பது நகரத்தார் கருதுகோள். தோமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற ஆங்கிலேயத் தையற்காரர் 1908இல் இதற்கென்று ஒரு கைநூலே எழுதிவிட்டார். அந்தக் கருதுகோளை முள்ளியவளைப் பக்கம் பரிசோதித்துப் பார்ப்பதே இவ்வாய்வு.

முதலில் சொல்லாராய்ச்சி. 'முகாம்' அரபியிலிருந்து வந்தது. தங்குமிடம் என்று பொருள். வன்னியில் அந்த அகராதி செல்லாது. இங்கே முகாம் என்றால் ஆமிக்காம்ப், இல்லாவிட்டால் 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம். அங்கே தறப்பாளுக்குக் கீழ் கிடந்தவர்களிடம், "இரண்டு இரவு, சும்மா ஆசைக்கு" என்று விளக்க ஆய்வாளருக்கு வாய் வரவில்லை. தலைப்பில் 'முகாம்' 'வயற்கொட்டில்' என்றும், வேலை 'வயற்காவல்' என்றும் திருத்தப்பட்டன.

களம்: தண்ணிமுறிப்புக் குளத்தின் கீழ் ஒரு காலபோக வயல். மார்கழிக் கடைசி, கதிர் பால் பிடிக்கும் நேரம். நாலு கப்பு, கிடுகுக் கூரை. மாதிரி அளவு: ஆய்வாளர் ஒருவர், வயற்காரர் ஒருவர். கருவிகள்: ரோச், எண்ணெய்த் தகரம், யானைவெடி. கிளியோட்டத் தழல், தட்டை, குளிர் என்று குறிஞ்சிப்பாட்டில் கபிலர் சொல்கிறார். எங்கள் தகரம் தட்டையின் நேர்வாரிசு என்பது ஆய்வாளர் துணிபு. மறுப்போர் நடுச்சாமத்தில் வந்து கேட்டுப் பார்க்கலாம்.

இராச்சாப்பாடு குத்தரிசிச் சோறு, நந்திக்கடல் இறால் குழம்பு, எருமைத்தயிர். ஒரு தட்டுக்கு அரிசி 150 கிராம். வளர்ந்த யானைக்கு நாளுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீன். ஆகவே ஒரு யானை, ஆயிரம் ஆய்வாளர். கணக்கைக் கேட்ட வயற்காரர், "நீங்கள் ரெண்டாந்தரமும் சோறு கேட்டனீங்கள், தம்பி" என்றார்.

பத்து மணிக்குத் தவளைச் சத்தம் நின்றது. "என்ன அமைதி, அண்ணை!"

அவர் துள்ளி எழும்பித் தகரத்தில் நாலு அடி போட்டார். "தவளை நிண்டால் ஆரோ நடக்கிறான் எண்டு அர்த்தம். ஆனையின்ர காலடி கேக்காது."

குறிப்பேட்டில் 'அமைதி' என்றிருந்ததை வெட்டி 'ஆனை?' என்று எழுதப்பட்டது.

இரண்டு மணியிலிருந்து காவல் ஆய்வாளரின் முறை. இரண்டு மணியிலிருந்து தரவு இல்லை.

விடியத் தலைமாட்டில் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் இருந்தன. வரம்பில் பெரிய பெரிய காலடிகள். வெடியில் மூன்று குறைந்திருந்தது. ஆய்வாளர் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார்:

"தைப்பூசத்துக்குப் புதிர், புது அரிசிச் சோறு. வீட்டை வாங்கோ. நித்திரை கொள்ள இல்லை, சாப்பிட."