56 ஏ.பி.ஓ. எந்த ஊர்?

கேள்வி: எல்லையில் இருக்கும் சிப்பாய்க்குக் காஞ்சிபுரத்திலிருந்து கடிதம் போட்டால், ‘மே/பா 56 ஏ.பி.ஓ.’ என்று எழுதச் சொல்கிறார்களே, அது எந்த ஊர்?

பதில்: எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்! ராணுவ அஞ்சலகத்தின் பொது முகவரி அது. 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கொல்கத்தா வழி. பின்கோடு 9-ல் தொடங்கும். பெயர், எண், படைப்பிரிவு மூன்றும் சரியாக இருந்தால் பனிமலையானாலும் தபால் போய்ச் சேரும். ஊர்ப்பெயரை எழுதினால் எதிரிக்கும் முகவரி கொடுத்ததாகிவிடும்.

அங்கிருந்து வரும் கடிதமும் அப்படித்தான். ‘நலம், நலமறிய ஆவல்’ இருக்கும். ‘எங்கே நலம்’ என்பது இருக்காது. முதல் உலகப் போரில், பிரான்ஸில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். சிப்பாய்களா சும்மா இருப்பார்கள்? இந்தியப் படையினரைக் கறுப்பு மிளகு என்றும், வெள்ளைக்காரரைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்து வருகிறது என்றால் ஆள்சேதம் அதிகம் என்று பொருள். (காஞ்சிபுரம் இட்லியில் மிளகைப் பொறுக்கி ஒதுக்குபவர்கள் கவனிக்க!) தணிக்கைக்காரர்கள் அதையும் மோப்பம் பிடித்து அறிக்கையில் எழுதி வைத்தார்கள். அதனால்தான் இந்தச் சமையல் குறிப்பு இன்றைக்கும் கிடைக்கிறது.