சூரைக்கு வந்த வாழ்வு

ஹொனலுலு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

"சோறு கிடைக்கிறதா, இல்லை ரொட்டியை மென்றுகொண்டு கிடக்கிறாயா" என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கிறது மாமா. ஐஸ்கிரீம் எடுக்கிற கரண்டியால் உருண்டை உருண்டையாக வைக்கிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன் ஒருவன் நேற்று மத்தியானம் காலிஹிப் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். மீன்கடையும் அதுதான், சாப்பாட்டுக் கடையும் அதுதான். நம் வீட்டுத் திண்ணை அளவுதான் இடம். கல்லாவில் பூப்போட்ட சட்டையில் ஓர் அம்மாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரை 'ஆன்ட்டி' என்கிறான். உறவில்லை, இந்த ஹவாய்த் தீவுகளில் மூத்த பெண் என்றால் ஆன்ட்டி, மூத்த ஆண் என்றால் அங்கிள். வீட்டுக்குள் போகும்போது செருப்பையும் வாசலில் கழற்றிவிடுகிறார்கள். அமெரிக்கா என்று நம்பி விசா வாங்கி வந்தவனுக்கு இதெல்லாம் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாகப் பச்சை மீன் துண்டுகள், செக்கச் செவேலென்று. என்ன மீன் தெரியுமா? சூரை! விளைமீன் கிடைக்கும் நாளில் திரேஸ்புரத்தில் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போவீர்களே, அதே சூரைக் கூட்டம். இங்கே அதற்கு அஹி என்று பெயர், ராஜ மரியாதை. துறைமுகத்தில் 38-ஆம் துறையில் விடியுமுன்னே ஏலம். கூறு கட்டி விற்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு மீனாகத் தனித்தனி ஏலம். வாலருகே கீறி, உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்து வைத்திருப்பார்களாம். அதன் நிறத்தையும் கொழுப்பையும் பார்த்துத்தான் வியாபாரிகள் விலை சொல்கிறார்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கும் உங்கள் வித்தைக்கு இங்கே வேலை குறைவு.

அந்தச் சூரையைச் சதுரம் சதுரமாக நறுக்கி, உப்பும் கடற்பாசியும் போட்டு, குக்குயி என்கிற கொட்டையை வறுத்துப் பொடித்துப் பிசறினால் போக்கே. பழைய ஹவாய்க்காரர்கள் செய்த விதம் அது. சோயா சாஸும் நல்லெண்ணெயும் பிறகு வந்த ஆசியக்காரர்களோடு சேர்ந்துகொண்டன. மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூச்சடக்கி எடுக்கும் பாசி ஆலைக்குப் போகிறது. இங்கே பாசி நேரே தட்டுக்கு வந்துவிடுகிறது.

கேட்க வருவது புரிகிறது. ஆமாம், பச்சையாகத்தான். அடுப்பில் ஏற்றவில்லை, மஞ்சள் தடவவில்லை, புளியைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. ஆன்ட்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு "ருசி பார்" என்று நீட்டிவிட்டார். மூத்தவர் கொடுத்ததை மறுக்கக்கூடாது என்று நீங்கள்தானே வளர்த்தீர்கள்? வாயில் போட்டேன். கவிச்சி துளியும் இல்லை. சதை கெட்டி, பாசி நறுக் நறுக்கென்கிறது. உறைப்புதான் போதவில்லை.

அடுத்தது பிளேட் லஞ்ச். இரண்டு உருண்டை வெள்ளைச் சோறு, ஓர் உருண்டை மக்ரோனி சாலட், பக்கத்தில் ஒரு கறியோ மீனோ. எந்தக் கடைக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாதாம். மினி என்று கேட்டால் சோற்றில் ஓர் உருண்டை குறையும். அதுவே எனக்கு ராத்திரிக்கும் மிஞ்சியது. மக்ரோனியைக் குழைய வேகவைத்து, மயோனைசில் முக்கி, ஜில்லென்று சுடுசோற்றுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அதன் ருசியை வைத்துத்தான் கடையையே எடைபோடுவோம் என்கிறான் பையன். நான் எடைபோட்டால் கடை தாங்காது.

ஆனாலும் இந்தத் தட்டின் கதை கேட்டபின் வாயை மூடிக்கொண்டேன். கரும்புத் தோட்டத்துக்கு 1852-இல் சீனர்கள், 1868-இல் ஜப்பானியர்கள், பிறகு போர்த்துகீசியர், கொரியர், பிலிப்பினோக்கள் என்று கப்பல் கப்பலாகக் கூலிக்கு இறக்கியிருக்கிறார்கள். அவரவர் தூக்கில் சோறும் நேற்றைய குழம்பும். மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்தால் பங்கு மாறாமல் இருக்குமா? 1930-களில் அந்தச் சாப்பாட்டை வண்டியில் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். நம்மவர்களை நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் பிஜிக்கும் ஏற்றிப் போனதும் இதே கரும்புக்குத்தான். இங்கே கடைசிக் கரும்பாலையை, மவுயி தீவில், 2016-இல் மூடிவிட்டார்கள். எனக்குச் சோறு வந்த பெட்டி மட்டும் கரும்புச் சக்கையில் செய்தது. எந்த ஊர்ச் சக்கையோ!

லாவ்லாவ் என்று ஒன்று வாங்கினேன். பன்றிக்கறியைச் சேம்பு இலையில் பொதிந்து, மேலே இன்னோர் இலை சுற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. அவசரப்பட்டு இறக்கினால் சேம்பு இலை தொண்டையை அரித்துவிடும். சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் கூழாக்கினால் 'போய்' என்கிற பண்டம். அதன் பதத்தை 'ஒரு விரல் போய்', 'இரண்டு விரல் போய்' என்றுதான் சொல்கிறார்கள். அள்ள எத்தனை விரல் வேண்டுமோ அத்தனை. சேம்பு இவர்களுக்கு வெறும் கிழங்கில்லை. ஆதியில் இறந்து பிறந்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்தது அது, அதற்குப் பின் பிறந்த தம்பியின் வம்சம்தான் மனிதர்கள் என்பது ஐதீகம். அண்ணனையே இடித்துச் சாப்பிடுவதா என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் ஆன்ட்டி அதைப் பரிமாறிய பக்தியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். கூழ் லேசாகப் புளித்திருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். அத்தை கடிதத்தைப் பார்த்தால் முதலில் கிழமையைத்தான் கணக்குப் போடுவார்கள். நாம் இவர்களைவிட 15½ மணி நேரம் முன்னே இருக்கிறோம். நான் மீன் தின்றபோது உங்களுக்கு வெள்ளிக்கிழமை விடிகிற நேரம். எனக்கு வியாழன் மத்தியானம். வெள்ளிக்கிழமை விரதம், சாப்பிடுகிறவன் இருக்கும் ஊர்க் கிழமைப்படிதான் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்லிக் காப்பாற்ற வேண்டும். பச்சை மீன் என்பதை மட்டும் தயவுசெய்து படித்துக் காட்டாதீர்கள்.

தங்கள் அன்பு மருமகன்,
முருகேசன்