எண்ணெய்த் தலையும் எட்டுக்கால் பூச்சியும்

யெல்லோஸ்டோன்,
சனிக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

சினிமா ஷூட்டிங்கில் கதாநாயகன் கால் நீட்டிப் படுக்கிற கேரவன் இருக்கிறதே, அதே மாதிரி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. கதாநாயகனுக்கு டிரைவர் உண்டு, எனக்கு நானே. அண்ணா சாலையில் பஸ்ஸைத் திருப்புகிறவர்களை இனிமேல் திட்டுவதாக இல்லை.

1872-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் இது. உலகத்தில் பீச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி இங்கேதான். அதில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்று ஒன்று, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நூறடிக்கு மேல் எழும்புகிறது. கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேல் என்பதால் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது, அது தனிப் புராணம்.

இத்தனை வெந்நீருக்கு நடுவில், தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, ஒரு சொம்பு வெந்நீருக்கு வழியில்லாமல் நின்றேன். ஊற்றில் இறங்குவது சட்டப்படி குற்றம். சட்டம் வந்து பிடிப்பதற்குள் தோல் உரிந்துவிடும்.

வண்டியில் இருப்பது கேஸ் ஹீட்டர். சுவிட்சைப் போட்டால் வெளிப்பக்கம் 'டொக்' என்று வால்வு திறக்கிறது, 'டிக் டிக் டிக்' என்று பொறி பறக்கிறது, 'புஸ்' என்று பற்றுகிறது, உடனே அணைகிறது. உள்ளே சிவப்பு விளக்கு. தீ பிடித்ததா என்று பார்க்க பர்னர் பக்கத்திலேயே ஒரு கம்பி உண்டு. சில நொடிக்குள் அதற்குத் தீ தட்டுப்படாவிட்டால் கேஸை மூடிவிடும். நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

வாடகைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டு.

பக்கத்து வண்டியிலிருந்து ரிட்டையரான ஒரு பெரியவர் டார்ச்சோடு வந்தார். என் தலையில் வழிவதைப் பார்த்து, என்ஜினிலும் ஆயில் லீக்கா என்று கேட்டார். உங்கள் மருமகள் அப்போது சிரித்த சிரிப்பை மறக்க மாட்டேன்.

மனிதர் கெட்டிக்காரர். அடுப்பு எரிகிறதா என்றார். எரிந்தது, ஆகக் கேஸ் வருகிறது. பேட்டரியில் 12 வோல்ட் இருந்தது. பனிக்காலத்தில் உறைந்து வெடிக்காமலிருக்க, டேங்கைச் சுற்றிக்கொண்டு தண்ணீரை அனுப்ப ஒரு திருகு உண்டாம். அதுவும் சரியாகவே இருந்தது. வெளி மூடியைக் கழற்றி, மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னார். நீலமாகச் சீறவேண்டிய தீ, மஞ்சளாக நெளிந்து செத்தது. "காற்றுப் போகவில்லை" என்றார்.

சிலிண்டரை மூடி, பர்னர் குழாயைக் கழற்றினோம். உள்ளே பஞ்சு அடைத்ததுபோல் வெள்ளையாக வலை, நடுவில் விரல் நகம் அளவு சிலந்தி, வாடகை கொடுக்காமல். கேஸில் கலக்கிற வாடை இதுகளுக்கு உயிர் என்று இங்கே சொல்கிறார்கள். காபி பிளாஸ்க் கழுவுகிற பிரஷ்ஷை வாங்கி அவர் குடைய, உங்கள் மருமகளின் சிரிப்பு நின்றது. அடுத்த தடவை 'ஹோ'வென்று நீலத் தீ.

டேங்க் மொத்தம் 23 லிட்டர். சென்னைக்கு வீராணம் தண்ணீர் வருவதற்கு முன்னால், 2003-ல், அரை வாளியில் தலை முழுகக் கற்றுக்கொடுத்தீர்களே, அந்தப் படிப்புதான் கைகொடுத்தது. அமெரிக்காவில் பிறந்த என் பிள்ளைகள் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடியில் தண்ணீர் ஐஸாகி, அலறலில் முடிந்தது.

அடுத்த மாதம் வரும்போது சீயக்காய்த் தூளோடு, பாண்டி பஜாரில் பிளாஸ்க் பிரஷ் ஒன்று பார்த்து வாங்கி வாருங்கள். பழையது பெரியவரிடமே இருக்கிறது. ராத்திரியிலிருந்து அவர் வண்டிப் பக்கம் 'டிக் டிக்' சத்தம் கேட்கிறது.

உங்கள் அண்ணன் மகன்