இரண்டாம் காலத்து மனிதர்

நீங்கள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே அதன் முற்றுப்புள்ளிக்கு ஒருவர் தலையாட்டிவிட்டார் என்றால், உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மகிழ வேண்டாம். அவர் டூ எக்ஸ்காரர். காதில் இயர்பட்ஸைச் செருகிக்கொண்டு ஆன்லைன் பாடங்களை இரட்டை வேகத்தில் கேட்டுக் கேட்டு, சாதாரண மனிதர்கள் பேசுவதெல்லாம் அவருக்கு ஜவ்வாகிவிட்டது. அதனால் நாம் இழுக்கும் முன்பே அவர் கடித்துத் துண்டாக்கிவிடுகிறார்.

வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருக்கும். ஐடி கம்பெனியில் உத்தியோகம். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஏதாவது ஒரு சான்றிதழ் எப்போதும் பாதியில் நிற்கும். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல்தான் அவருடைய குருகுலம். தாம்பரம் – கடற்கரை மின்ரயில்தான் வகுப்பறை. பேராசிரியர்களை அவர் பாடத்தை வைத்துப் பிரிப்பதில்லை. "அந்த சார் 1.75 தாங்குவார். இந்த மேடம் 1.25-ஐத் தாண்டினா போச்சு, அவங்களே பிறவி வேகம்" என்றுதான் சொல்வார். பழைய வீடியோக்களில் ஆசிரியர் திரும்பி நின்று கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் சத்தம் மட்டும் கேட்குமே, அந்த இடங்களைப் பத்துப் பத்து வினாடியாகத் தாண்டிக் குதிப்பார்.

அந்த 1.75 சாரே ஒருமுறை சென்னைக்கு வந்து ஒரு கருத்தரங்கில் பேசினார். நம்மவர் முதல் வரிசையில் இடம் பிடித்தார். ஐந்தாவது நிமிடம் பக்கத்து இருக்கைக்காரரிடம் கவலையோடு குனிந்தார்: "பாவம், சாருக்கு உடம்பு சரியில்லையா? பேச்சு குழறுதே!"

இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று நாம் கேட்காவிட்டாலும் விளக்குவார். அந்தக் காலத்து டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சுக்குரலாகும். இப்போது அப்படி இல்லை. ஒலியைக் கண் இமைக்கும் நேரத்தைவிடச் சிறிய துணுக்குகளாக நறுக்கி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நெருக்கி ஒட்டிவிடுகிறார்கள். குரல் அதே குரல், நேரம் மட்டும் பாதி. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

கைவசம் ஓர் ஆராய்ச்சியும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் பாட வீடியோக்களைப் பல வேகங்களில் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். இரட்டை வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. இதை வாட்ஸப் ஸ்டேட்டஸாகவே வைத்திருந்தார். 2.5-க்குப் போனால் மதிப்பெண் இறங்குகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்தப் பத்தி வந்தபோது அவர் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மாடி வீட்டில் பாட்டு வாத்தியாரம்மா சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாட வைப்பதைக் கேட்டதும் அவருக்கு ஒரே உற்சாகம். "ரெண்டாம் காலம்னா டூ எக்ஸ், மூணாம் காலம்னா ஃபோர் எக்ஸ். புரந்தரதாசர் அப்பவே கண்டுபிடிச்சிருக்கார் மாமி!" மாமி சுருதிப் பெட்டியை நிறுத்தாமலே சொன்னார்: "முதல் காலம் நிக்காதவாளுக்கு ரெண்டாம் காலம் கிடையாதுப்பா."

ஓர் இடத்தில் மட்டும் நான் முழுக்க அவர் பக்கம். வருடத்துக்கு ஒருமுறை அலுவலகம் தலையில் கட்டும் கட்டாயப் பயிற்சி இருக்கிறதே, அது. வேகம் மாற்றும் பொத்தானே கிடையாது. 'நெக்ஸ்ட்' பொத்தான் சாம்பல் பூத்துக் கிடக்கும்; குரல் ஓய்ந்தால்தான் உயிர் வரும். அந்தக் குரலோ, "உங்கள்... பாஸ்வேர்டை... யாரிடமும்... பகிராதீர்கள்" என்று, எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லும். திரையில் அதே வாக்கியம் எழுத்திலும் இருக்கும். படித்து முடித்து, மின்விசிறியை எண்ணி முடித்தாலும் குரல் 'பகிரா'விலேயே நிற்கும். பூட்டினால் ஜனங்கள் கவனமாகக் கேட்பார்கள் என்று யாரோ ஓர் அதிகாரி நம்பியிருக்கிறார். நடப்பது வேறு. நம்மவர் சத்தத்தை அணைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார். அவர் மட்டுமா? அந்த நாற்பது நிமிடம் அந்த மாடி முழுக்கக் கணினிகள் ஒன்றுக்கொன்று பாடம் நடத்திக்கொண்டிருக்கும்.

கேட்பவர் கையில் கடிவாளம் வேண்டும் என்று அவர் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் எழுதினார். நியாயமான கோரிக்கைதான். ஆனால் கடிவாளம் என்றால் தட்டிவிடுவதற்கு மட்டும்தான் என்பது அவர் கட்சி. இழுத்துப் பிடிக்கவும் அதுதான் என்பதை அண்ணன் மகள் வந்துதான் காட்டினாள்.

அவள் திருவண்ணாமலைப் பக்கத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே பொறியியல் சேர்ந்தவள். சித்தப்பா எடுத்த அதே பாடத்தை அவளும் எடுத்திருந்தாள். ஒருநாள் அவள் திரையை எட்டிப் பார்த்தவர் அதிர்ந்துபோனார். வேகம் 0.75.

"என்னம்மா இது, ரிவர்ஸ்ல போறே?"

"இதுலதான் சித்தப்பா அவர் இங்கிலீஷ் எனக்குப் புரியுது. கிளாஸ்ல எழுந்து, சார் மெதுவாச் சொல்லுங்கன்னு கேட்டா மொத்த கிளாஸும் திரும்பிப் பார்க்கும். இவரை எத்தனை தடவை நிறுத்தினாலும் கோவிச்சுக்க மாட்டேங்கிறார்."

தேர்வு முடிந்தது. அவளுக்கு எலீட் சில்வர் சான்றிதழ் வந்தது. தமக்கு வந்த மதிப்பெண்ணை அவர் வேகமாகச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

இன்னொரு அடி அலுவலகத்தில் விழுந்தது. புதிதாக வந்த பார்வையற்ற சகாவிடம் பெருமையாக, "நான் எல்லாமே டூ எக்ஸ்தான்" என்றார். சகா சிரித்துவிட்டுத் தம் போனில் திரைவாசிப்பானை ஒலிக்கவிட்டார். ஆலங்கட்டி மழை பெய்தது. "இது என்ன பாஷை?" என்றார் நம்மவர். "இங்கிலீஷ்தான் சார். நீங்க எனக்கு அனுப்பின மெயில்."

எல்லாம் சரி, மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே? பன்னிரண்டு வாரப் பாடம் ஏறக்குறைய முப்பது மணி நேரம். பதினைந்து மணி நேரம் லாபம் என்று கணக்குச் சொல்வார். அந்தப் பதினைந்தையும் ரீல்ஸ் சாப்பிட்டுவிடுகிறது. அதையும் விரலால் அழுத்திப் பிடித்து இரட்டை வேகத்தில்தான் பார்க்கிறார் என்பதால் அங்கேயும் லாபம்தானாம்.

வாட்ஸப்பில் குரல் செய்திக்கும் 1.5, 2 என்று வேகம் வைத்தது 2021-இல். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் சேதிகள் அன்றிலிருந்து டூ எக்ஸ்தான். பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம், பசுமாட்டின் சினை, கூட்டுறவு வங்கிக் கடன் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடி முடியும். உடனே "சரிம்மா" என்று பதில் போட்டுவிடுவார். எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியவர் அம்மா. கணக்கில் மட்டும் அசகாயசூரி. ஒருநாள் போன் வந்தது.

"ஏன்டா, நான் மூணு நிமிசம் பேசி அனுப்பினா உனக்கு ஒன்றரை நிமிசத்துல பதில் வருது. கேட்டியா, கேக்கலையா?"

இப்போதும் ஒன்றரை நிமிடத்தில்தான் கேட்கிறார். மீதி ஒன்றரை நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் அனுப்புகிறார்: "சரிம்மா."