ஆர்டர் போட்டது யார்?

தணிக்கை வேலை பார்த்தவனால் நிம்மதியாக சினிமா பார்க்க முடியாது. கதாநாயகன் ஜீப்பை மலையிலிருந்து உருட்டினால், லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுவார் என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னை ‘ஸ்டார் வார்ஸ்’ பார்க்க உட்கார வைத்தான் பேரன். அவன் ஒளிவாள் சண்டையைப் பார்த்தான். நான், ஒரே ஆளின் நகல்களால் ஆன குளோன் படையின் கோப்பைப் பார்த்தேன்.

1977இல் வந்த முதல் படத்தில் குளோன் போர் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார் ஜார்ஜ் லூகாஸ். முழு விவரம் 2002இல் வந்த படத்தில்தான் வெளியானது. மழை ஓயாத காமினோ கிரகத்துக்கு வேறொரு விசாரணைக்காகப் போகிறார், குடியரசைக் காக்கும் ஜெடாய் வீரர்களில் ஒருவரான ஓபி-வான். அங்கே பிரதமர் அவரை உபசரித்து, 2 லட்சம் சிப்பாய்கள் தயார், இன்னும் 10 லட்சம் வந்துகொண்டிருக்கிறார்கள் என்கிறார். ஆர்டர் கொடுத்தவர் ஸைஃபோ-டயஸ் என்ற ஜெடாய். அவர் செத்து ஏறக்குறைய 10 வருடம். ஜெடாய் பேரவை இப்படி ஒரு அனுமதியே கொடுக்கவில்லை. ஒரு டஜன் பேனாவுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டவன் நான்; தலை சுற்றியது.

படைக்கு அச்சாக இருந்த ஜாங்கோ ஃபெட் என்பவனோ, தன்னை அமர்த்தியது டைரனஸ் என்கிறான். ஒரே ஆர்டர், இரண்டு பெயர்! இந்த டைரனஸ்தான் எதிரணித் தலைவர் டூக்கு. போதாததற்கு ஜாங்கோ, கூலியோடு ஒரு குளோனையும் மகனாக வளர்க்கக் கேட்டு வாங்கியிருக்கிறான். வருமான வரியில் இதை எந்தத் தலைப்பில் காட்டுவது? சிப்பாய்களுக்கோ 10 வருடத்தில் 20 வயது ஆகிவிடுகிறது. ஓய்வூதியப் பிரிவு குமாஸ்தாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஓபி-வான் விசாரிக்கத்தான் செய்தார். பதில் வருவதற்குள் போர் வந்துவிட்டது. 800 வயது தாண்டிய ஜெடாய் குரு யோடாவே நேரில் போய் டெலிவரி எடுத்தார். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்; இந்த மாட்டைப் பார்த்திருக்க வேண்டும். 2005இல் வந்த படத்தில், 66ஆம் எண் கட்டளை வந்ததும் அதே படை ஜெடாய்களையே சுட்டுத் தள்ளியது. சிப்பாய்களின் மூளைக்குள் சில்லு வைத்திருந்தார்கள் என்ற விஷயம் பிறகு தொலைக்காட்சித் தொடரில்தான் வெளிவந்தது. சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போட்டால் வேறென்ன ஆகும்?

குடியரசு கவிழ்ந்து அடுத்து வந்த பேரரசு, செலவைக் காரணம் காட்டி குளோன்களைக் கழற்றிவிட்டு, ஊர் ஆட்களைச் சேர்த்தது. அவர்கள்தான் குறி தவறுவதில் புகழ்பெற்ற ஸ்டார்ம்ட்ரூப்பர்கள். முதல் படத்திலேயே ஒருவர் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார். பின்னாளில் டிவிடி போட்டபோது ‘டொக்’ என்று சத்தமும் சேர்த்தார்கள். 1983இல் வந்த படத்தில், எண்டோர் காட்டில், கரடிக்குட்டி மாதிரி இருக்கும் ஈவாக்குகள் கல்லையும் கட்டையையும் வைத்தே இவர்களைச் சாய்த்தார்கள். குறைந்த ரேட்டுக்கு எடுத்த ஆட்கள், அவ்வளவுதான்.

என் தணிக்கைக் குறிப்பு இதுதான்: குடியரசை வீழ்த்தியது இருண்ட சக்தி அல்ல, சரிபார்க்காத ஆர்டர். ஆகவே, உங்கள் ஆபீஸுக்குத் தணிக்கைக்காரர் வந்தால் முகம் சுளிக்காமல் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.