கண்ணாடிக்குப் போகும் கை

அலை முதுகைத் தூக்கிக்கொண்டு வரும்போது கோவளம் கடலில் மற்றவர்கள் எல்லாரும் துடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிக்கொள்வார்கள். நம்மவர் மட்டும் வலது கையை எடுத்து மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வார்.

கயாக்கில் ஒற்றைக் கைத் துடுப்பு எதற்கும் ஆகாது. தண்ணீரில் சும்மா இழுபடும். அணியம் திரும்பும், படகு அலைக்கு விலாவைக் காட்டும். விலாவைக் கண்டால் அலை சும்மா விடுமா? எந்தக் கண்ணாடி விழக் கூடாது என்று கை போனதோ, அதே கையால் அது விழும். அந்தக் கை கடலில் பழகியதல்ல. மேலாளர் குரலை உயர்த்தினாலும், பேருந்து திடீரென்று நின்றாலும், வீட்டில் "ஒரு விஷயம் கேக்கணும்" என்றாலும் மேலே போகிற கைதான். கரையில் அதனால் யாரும் கவிழ்வதில்லை, அவ்வளவுதான்.

உப்புத் தண்ணீரை உமிழ்ந்துகொண்டே எழுவார். முதல் வார்த்தை, "கண்ணாடி?"

தேடுவது நாங்கள்தான். கண்ணாடி இல்லாமல் அவர் எப்படித் தேடுவார்? மைனஸ் ஆறு பவர், 17 செ.மீ. தாண்டினால் உலகம் தண்ணீர் பட்ட கோலம். "இங்கதான் விழுந்துது" என்று வானத்துக்கும் கடலுக்கும் நடுவில் எங்கோ காட்டுவார். இடுப்பளவு நீரில், அலை முதுகில் அறைய அறைய, நாலு பேர் கால்விரலால் மணலைத் துழாவுவோம். கிளிஞ்சல் கிழித்த என் பெருவிரல் இன்னும் ஆறவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள், "தெண்டி வெள்ளம் ஓடுது தம்பி, வடக்கே போயிருக்கும்" என்றார். இவர் உண்மையாகவே கேட்டார்: "அப்ப முட்டுக்காட்டுல போய்ப் பாக்கலாமா?"

கயிறு கட்டலாமே என்றால், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி இருக்காம். கான்டாக்ட் லென்ஸ் என்றால் கண்ணைத் தாக்கும் அகந்தமீபா கிருமி பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். அதில் தவறே இல்லை என்பதுதான் எரிச்சல். பவர் போட்ட நீச்சல் கண்ணாடி காரிலேயே இருக்கிறது. புதுசு, நனைந்துவிடுமாம்.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றினாலும் அதில் என்னதான் தெரிகிறது? ரெண்டு அலை தெறித்தாலே கண்ணாடி முழுக்கத் துளி. துடைக்கிற சட்டையும் உப்பு.

போன மாதம் முதல் கவிழ்ப்பிலேயே கண்ணாடி போய்விட்டது. வெறுங்கண்ணோடு மறுபடி ஏறினார். பின்னால் வந்த அலை அவருக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொள்ள முகத்தில் எதுவும் இல்லாததால் இரண்டு கையும் துடுப்பிலேயே இருந்தன. படகு வில்லிலிருந்து விட்டது போல நேரே கரைக்கு வந்து மணலில் ஏறியது. அத்தனை அழகு! நாங்கள் கத்திக் கைதட்டினோம். சத்தம் வந்த திசையைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அங்கே நின்றது ஐஸ்கிரீம் வண்டி.

"நல்லா வந்தேனா?"

"பிரமாதம்!"

"கண்ணாடி மட்டும் இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருப்பேன்."